வயது என்னும் கேடயம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (விலங்கியல்)

போர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுவன பீரங்கிகளும் போர் விமானங்களும் சீருடை அணிந்த வீரர்களுமே. வரலாற்று நூல்கள் மன்னர்களின் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் நமக்குச் சொல்கின்றன. அந்தப் போர்களின்போது பத்து வயதுச் சிறுவர்கள் எங்கே இருந்தார்கள், எதை உண்டார்கள், யார் கையில் அகப்பட்டார்கள் என்பதை அவை சொல்வதில்லை.

முதற்பகுதித் தமிழ் வகுப்பில் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாடலைப் படித்தோம். கணவனையும் போரில் இழந்துவிட்ட ஒருத்தி, மறுபடி போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். மறக்குடித் தாய் என்று நாம் வியந்து படிக்கும் பாடல் அது. எனக்கு அன்று எழுந்த ஐயம் ஒன்றே ஒன்றுதான்: அந்த மகனுக்கு வயது என்ன? பாடலில் அதற்கு விடை இல்லை. அக்காலத்தில் அது கேட்கப்படாத கேள்வி. இக்காலச் சட்டமோ முதலில் கேட்கும் கேள்வி அதுவே.

போரில் குழந்தைகளைக் காக்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். எல்லாரும் ஒப்புக்கொண்ட இந்த அறம் ஏன் ஒவ்வொரு போரிலும் மீறப்படுகிறது? காரணங்கள் பல. அவற்றுள் பலரும் எண்ணிப் பாராத ஒன்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டம் குழந்தைக்குக் கொடுத்திருக்கும் கேடயம் வயது. அந்த வயதை மெய்ப்பிக்க வழியில்லாத குழந்தைக்குக் கேடயம் இருந்தும் பயனில்லை.

சட்டம் வளர்ந்த வழி

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. ஆனால், தோற்ற நாடுகளுக்கு எதிராக நேச நாடுகள் விதித்திருந்த கடல் முற்றுகை 1919-லும் நீடித்தது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் குழந்தைகள் பட்டினியால் எலும்புந்தோலுமாயினர். அக்குழந்தைகளின் நிலையைக் காட்டும் துண்டுப் பிரசுரங்களை இலண்டன் நகரில் வழங்கியதற்காக எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி கைது செய்யப்பட்டார். அவருக்கு ஐந்து பவுன் அபராதமும் விதிக்கப்பட்டது. பகைவன் வீட்டுக் குழந்தையும் குழந்தையே என்பதுதான் அவர் செய்த ‘குற்றம்’! அதே ஆண்டில் அவரும் அவருடைய தங்கை டாரத்தி பக்ஸ்டனும் சேர்ந்து ‘சேவ் தி சில்ட்ரன்’ என்னும் நிதியத்தைத் தொடங்கினர்.

குழந்தைகளுக்கு உலகம் செய்ய வேண்டிய கடமைகளை ஐந்தே ஐந்து கூறுகளாக ஜெப் 1923-இல் வகுத்தார். துன்பக் காலத்தில் உதவி முதலில் சென்று சேர வேண்டியது குழந்தைக்கே என்பது அவற்றுள் ஒன்று. அக்காலத்துச் சர்வதேச சங்கம் 1924-இல் அதை ஜெனிவா அறிக்கையாக ஏற்றுக்கொண்டது. அறிக்கை நல்லது, ஆனால் அதை மீறியவரைத் தண்டிக்க எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அப்போரில் மாண்ட குழந்தைகளின் தொகை பல இலட்சம்.

அந்தப் பேரழிவுக்குப் பின் 1949-இல் உருவானதே நான்காம் ஜெனிவா உடன்படிக்கை. போரில் ஈடுபடாத பொதுமக்களைக் காப்பதற்கென்றே எழுதப்பட்டது இது. நம் இந்தியா உட்பட உலக நாடுகள் அனைத்தும் இதை ஏற்றுள்ளன. இதைப் படிப்பவர் கவனத்தை முதலில் ஈர்ப்பவை அதில் வரும் வயதுகள். பாதுகாப்பு வலயங்களில் இடம் பெறத் தக்கவர்கள் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களும். முற்றுகையைத் தாண்டி உணவும் உடையும் சத்து மருந்தும் செல்ல வழிவிட வேண்டியது பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு. ஆக்கிரமித்த நாட்டுப் படை மரண தண்டனை விதிக்கக் கூடாதது பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அடையாள வில்லை அணிவித்தோ வேறு வகையிலோ அவர்கள் இன்னார் என்று அறிய ஏற்பாடு செய்ய முயல வேண்டும் என்றும் அது கூறுகிறது.

அந்த அடையாள வில்லையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குண்டுவீச்சில் தாயைப் பிரிந்த மூன்று வயதுக் குழந்தைக்குத் தன் ஊர்ப் பெயர் சொல்லத் தெரியாது. தந்தையின் பெயர் கேட்டால் ‘அப்பா’ என்றுதான் சொல்லும். கழுத்தில் தொங்கும் அந்தச் சிறு தகடு ஒன்றே அதனைத் தன் குடும்பத்துடன் சேர்க்கும். உடன்படிக்கையை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

பதினைந்தா, பதினெட்டா?

1949-ஆம் ஆண்டின் உடன்படிக்கை குழந்தைகளைக் குண்டிலிருந்தும் பசியிலிருந்தும் காக்க முனைந்தது. குழந்தையின் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை. 1977-இல் சேர்க்கப்பட்ட இரண்டு கூடுதல் நெறிமுறைகள்தாம் அதற்கு முதன்முதலில் விடை கூறின. பதினைந்து வயது நிறையாதவர்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்பதே அந்த விடை.

1989 நவம்பர் 20-இல் ஐ.நா. பொதுச்சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா இதில் 1992-இல் சேர்ந்தது. இதன் முதல் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரும் குழந்தைகளே என்கிறது. ஆனால், போரைப் பற்றிய முப்பத்தெட்டாம் பிரிவுக்கு வரும்போது அதே உடன்படிக்கை பதினைந்துக்கு இறங்கிவிடுகிறது! கல்வி, உடல்நலம், உழைப்பு ஆகியவற்றிலெல்லாம் குழந்தையாகக் கருதப்படும் பதினாறு வயதுச் சிறுவன், உயிர் போகும் இடத்தில் மட்டும் பெரியவனாகிவிடுகிறான். பதினைந்து வயது என்றால் நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் வயது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த முரண்பாடு நன்கு விளங்கும்.

இம்முரண்பாட்டை உலகின் முன் எடுத்து வைத்தவர்களுள் குறிப்பிடத் தக்கவர் மொசாம்பிக் நாட்டின் முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மாஷெல் அம்மையார். ஐ.நா. கேட்டுக்கொண்டதன்பேரில், போர் நடக்கும் நாடுகளின் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்து 1996-இல் அவர் ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக, குழந்தைகளும் ஆயுதப் போரும் பற்றிய சிறப்புப் பிரதிநிதி ஒருவரை ஐ.நா. அமர்த்தியது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் விருப்ப நெறிமுறை ஒன்று நிறைவேறி, 2002-இல் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் நேரடிப் போரில் ஈடுபடாதவாறு நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். எவரையும் அந்த வயதுக்கு முன் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது. அரசு சாராத ஆயுதக் குழுக்கள் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது என்பன இதன் சாரம்.

அரசுப் படைகள் மட்டும் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களைச் சில நிபந்தனைகளுடன் அவர்களின் விருப்பத்தின்பேரில் சேர்க்கலாம். அந்த நிபந்தனைகளுள் ஒன்று, சேர்வதற்கு முன் வயதுக்கு நம்பத்தகுந்த சான்று காட்ட வேண்டும் என்பது. 2005-இல் இந்த நெறிமுறையை ஏற்ற நம் நாடு, பதினெட்டு வயது நிறைந்த பின்னரே எவரையும் போர்முனைக்கு அனுப்புவோம் என்று எழுத்து மூலம் உறுதி கூறியுள்ளது.

சிறுவர்களை ஏன் தேடுகிறார்கள்?

வலிமை மிக்க ஆடவர்கள் இருக்கச் சிறுவர்களை ஏன் தேட வேண்டும் என்று கேட்கலாம். வாளும் வேலும் ஏந்திப் பொருத காலத்தில் உடல் வலிமையே போரை முடிவு செய்தது. இன்று உலகெங்கும் மலிந்திருக்கும் கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் எடை சுமார் நான்கு கிலோதான். பத்து வயதுச் சிறுவனால் அதைத் தூக்கவும் இயக்கவும் முடியும். சிறுவனுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. அவன் எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை. சாவைப் பற்றிய முழு அறிவும் அவனுக்கு வாய்ப்பதில்லை. வீடும் பள்ளியும் எரிந்துபோன ஊரில், ஒருவேளைச் சோற்றுக்கும் ஒரு பாதுகாப்புக்குமாகத் தானே சென்று சேர்பவனும் உண்டு. அதை ‘விருப்பம்’ என்று கூறுவது எங்ஙனம்?

துப்பாக்கி ஏந்துபவர்கள் மட்டுமே சிறுவர் வீரர்கள் என்று எண்ணிவிடலாகாது. படைக்குச் சமைப்பவர்கள், சுமை தூக்குபவர்கள், செய்தி கொண்டு செல்பவர்கள், வேவு பார்ப்பவர்கள், பாலியல் கொடுமைக்கு ஆளாக்கப்படும் சிறுமியர் ஆகிய அனைவரையும் 2007-இல் வகுக்கப்பட்ட பாரிஸ் கோட்பாடுகள் இதில் அடக்குகின்றன. துப்பாக்கியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் சிறுமியர் பலர் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

மணிக்கட்டு எலும்பின் சாட்சி

ஹேக் நகரில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அளித்த முதல் தீர்ப்பே சிறுவர் வீரர்களைப் பற்றியது என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. காங்கோ நாட்டின் வடகிழக்கில் உள்ளது இட்டூரிப் பகுதி. அங்கு 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களைத் தன் படையில் சேர்த்துப் போரில் ஈடுபடுத்தினார் என்பது தாமஸ் லுபாங்கா என்ற தலைவர் மீதான குற்றச்சாட்டு. 2009-இல் விசாரணை தொடங்கியது. 2012 மார்ச் 14-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வழக்கில் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டியது இரண்டு. சிறுவர்கள் படையில் இருந்தார்கள் என்பது ஒன்று. அவர்களுக்குப் பதினைந்து நிறையவில்லை என்பது மற்றொன்று. பிறப்புப் பதிவேடு முறையாக இல்லாத நாட்டில், போர் நடந்து பல ஆண்டுகள் கழித்து, இரண்டாவதை எவ்வாறு மெய்ப்பிப்பது? இங்குதான் நம் விலங்கியல் உதவிக்கு அழைக்கப்பட்டது.

மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்-ரே எடுத்தால் அவை தென்படமாட்டா. அப்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றன்பின் ஒன்றாக எலும்பாகிப் படத்தில் தெரியத் தொடங்கும். நீண்ட எலும்புகளின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் பருவ வயதின் இறுதியில் மூடிக்கொள்ளும். இந்த வளர்ச்சிப் படிகளைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். இதற்கு உலகெங்கும் பயன்படும் ஒப்பீட்டு நூல் கிரூலிக், பைல் என்னும் இருவர் தொகுத்தது.

ஆனால், இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அந்நூலில் உள்ள படங்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், வசதி படைத்த வெள்ளையர் குடும்பக் குழந்தைகளிடம் 1930-களிலும் 1940-களின் தொடக்கத்திலும் எடுக்கப்பட்டவை. பாலும் பழமும் உண்டு வளர்ந்த குழந்தையின் எலும்பு ஒரு வேகத்தில் முதிரும். பசியிலும் மலேரியாவிலும் வளர்ந்த குழந்தையின் எலும்பு மெதுவாகவே முதிரும். மேலும், ஒரே வயதுடைய, நல்ல உடல்நலமுள்ள இரு சிறுவர்களிடையேகூட ஓராண்டு, ஈராண்டு வேறுபாடு காணப்படுவது இயல்பு. பதினான்கு வயதையும் பதினாறு வயதையும் பிரித்துக் காட்ட வேண்டிய வழக்கில் இரண்டு ஆண்டு வேறுபாடு என்பது சிறிய பிழையா?

எனவே, எக்ஸ்-ரே சான்று துல்லியம் குறைந்தது என்பதை உணர்ந்து நீதிபதிகள் அதனை எச்சரிக்கையுடனேயே அணுகினர். முன்னாள் சிறுவர் வீரர்கள் என்று கூறி வந்த சாட்சிகளின் வாக்குமூலங்களிலும் முரண்பாடுகள் இருந்தமையால் அவற்றையும் நம்பியிருக்க முடியவில்லை. இறுதியில் தீர்ப்புக்குப் பெருந்துணையாக நின்றவை அக்காலத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படக் காட்சிகள். எவர் பார்த்தாலும் பதினைந்துக்கு மிகக் குறைந்த வயதினர் என்று தெளிவாகத் தெரியும் சிறுவர்கள் அவற்றில் ஆயுதத்துடன் நின்றனர். பால்முகம் மாறாத சிறுவனுக்கு அவன் முகமே சான்றாயிற்று. பதினான்கு வயதில் சற்று உயரமாக வளர்ந்துவிட்டவனுக்கு? அவனுக்கு அத்தகைய சான்று இல்லை. இந்த வழக்கில் நான் கண்ட பெரும்பாடம் இதுவே.

காதைத் தொட்ட கை

இது எங்கோ காங்கோவில் உள்ள சங்கடம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை பிறந்த நாள் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. ‘கிணறு வெட்டின வருசம், சித்திரைக்கு அப்புறம்’ என்பார் என் பாட்டி. அவரைப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோது, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்களாம். விரல் காதைத் தொட்டது. ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று முடிவாயிற்று. பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொண்டார். அன்றுமுதல் அதுவே அவர் பிறந்த நாள். நம்முள் பலருடைய தந்தையர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாக இருப்பதன் இரகசியம் இதுதான்!

எலும்பின் வளர்ச்சியைப் பார்த்து வயதை முடிவு செய்யும் இம்முறைக்கும் ஹேக் நகர் எக்ஸ்-ரேக்கும் அடிப்படை ஒன்றே. ஆனால் எங்கள் ஊரில் காதைத் தொட்டவன் முதல் வகுப்பில் உட்கார்ந்தான். ஓராண்டு முன்பின் ஆனாலும் அவனுக்குக் கேடு ஒன்றும் நேரவில்லை. போர் நடக்கும் நாட்டில் அதே ஓராண்டு, ஒருவனைப் பள்ளியிலும் ஒருவனைப் போர்முனையிலும் நிறுத்திவிடுகிறது.

பிறந்தவுடன் பதிவு செய்யப்பெறுவது ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு கூறுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று யூனிசெஃப் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கணக்கு தெரிவிக்கிறது. நம் நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969 முதல் உள்ளது. அதில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் ஊருக்கும் ஆதாரம்.

‘தாள் குண்டைத் தடுக்குமா?’ என்று என் அறை நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. குண்டைத் தடுக்காது. ஆனால் பிள்ளையை மீட்க அது உதவியிருக்கிறது. மியான்மர் நாட்டில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட சிறுவர்களின் பெற்றோர் முறையிடுவதற்கு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வாயிலாக 2007-இல் ஒரு வழி ஏற்பட்டது. பிள்ளையின் வயதுக்கான சான்றைக் காட்டி முறையிட்ட பெற்றோர்கள் தங்கள் மக்களைத் திரும்பப் பெற்றனர். 2012-இல் அந்நாட்டு அரசு ஐ.நா.வுடன் செயல்திட்டம் ஒன்றில் கையொப்பமிட்டது. அதன் பின் நூற்றுக்கணக்கானோர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். 2021-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் அங்கு நிலைமை மீண்டும் சீர்கெட்டது உண்மையே. ஆயினும், வீடு திரும்பிய அந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தாளின் மதிப்பு தெரியும்.

ஆறு கொடுமைகளும் ஒரு பட்டியலும்

படையில் சேர்ப்பது ஒன்றுதான் குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை என்பதில்லை. ஐ.நா. ஆறு பெருங்கொடுமைகளைக் கணக்கில் கொள்கிறது. கொல்லுதலும் உறுப்பிழக்கச் செய்தலும், படையில் சேர்த்தல், பாலியல் வன்கொடுமை, கடத்திச் செல்லுதல், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தாக்குதல், உதவிப் பொருள்கள் குழந்தைகளைச் சென்றடையாமல் தடுத்தல் என்பனவே அவை. இவற்றை நேரில் சரிபார்த்துப் பதியும் முறையைப் பாதுகாப்புச் சபை 2005-இல் தன் 1612-ஆம் தீர்மானத்தால் ஏற்படுத்தியது. இக்கொடுமைகளைச் செய்யும் படைகளின் பெயர்கள் பொதுச்செயலாளரின் ஆண்டறிக்கையில் பட்டியலாக வெளியிடப்படுகின்றன. பட்டியலிலிருந்து விடுபட வேண்டுமானால் ஐ.நா.வுடன் செயல்திட்டம் வகுத்து அதை நிறைவேற்றிக் காட்ட வேண்டும்.

2024-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் சரிபார்க்கப்பட்ட கொடுமைகள் மட்டும் 41,370. முந்தைய ஆண்டைவிட இது நான்கில் ஒரு பங்கு அதிகம். சரிபார்க்க இயலாமற் போனவை இதில் சேரா.

இப்பட்டியலின் ஆயுதம் அவமானம் ஒன்றே. அவமானத்துக்கு அஞ்சாதவர்களிடம் அது எடுபடுவதில்லை. செல்வாக்குள்ளவர்கள் அதை வளைக்கவும் முயல்கிறார்கள். ஏமன் போரில் ஈடுபட்ட சவூதி அரேபியா தலைமையிலான கூட்டுப்படையின் பெயர் 2016-இல் பட்டியலில் சேர்க்கப்பட்டு, சில நாள்களிலேயே நீக்கப்பட்டது. ஐ.நா. திட்டங்களுக்கு வரும் நிதி நின்றுவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பதை அப்போதைய பொதுச்செயலாளர் பான் கி மூன் அவர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பல நாட்டுக் குழந்தைகளின் உணவுக்கும் மருந்துக்குமான பணத்தைப் பிணையாக வைத்து ஒரு நாட்டுக் குழந்தைகளின் நீதி பறிக்கப்பட்டது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் காக்கும் உறுதியும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழ் மாணவன் இப்பொருளைப் பற்றி எழுதும்போது இலங்கையைச் சொல்லாமல் கடந்து செல்வது நேர்மை ஆகாது. 1995 செப்டம்பர் 22-இல் யாழ்ப்பாணத்து நாகர்கோவில் பள்ளி, அரசின் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி மாணவர்கள் மாண்டனர். விடுதலைப் புலிகள் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரைப் படையில் சேர்த்ததை யூனிசெஃப் பதிவு செய்தது. அவர்களிடமிருந்து பிரிந்த கருணா அணியும் அதையே செய்தது. 2009-இல் போரின் இறுதி மாதங்களில் மருத்துவமனைகளும் பாதுகாப்பு வலயங்களும் எறிகணை வீச்சுக்கு உள்ளானதையும், கட்டாய ஆள்சேர்ப்பில் சிறுவர்களும் இழுத்துச் செல்லப்பட்டதையும் ஐ.நா. வல்லுநர் குழுவின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துரைத்தது. ஒரு தரப்பின் குற்றத்தைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதும், மறு தரப்பின் குற்றத்தைச் சொல்லும்போது தாழ்த்துவதும் நம்மிடையே வழக்கமாக உள்ளது. குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் குற்றமே.

துப்பாக்கியை இறக்கிவைத்த பின்

மீட்கப்பட்ட சிறுவனை என்ன செய்வது? அவன் கையால் கொலைகள் நடந்திருக்கலாம். சொந்த ஊரே அவனை ஏற்க அஞ்சலாம். சியரா லியோன் நாட்டில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இந்தச் சிக்கல் நாடு முழுவதும் எழுந்தது. அங்கு அமைந்த சிறப்பு நீதிமன்றத்திற்குப் பதினைந்து வயது நிறைந்தவர்களை விசாரிக்க அதிகாரம் இருந்தது. எனினும், பதினெட்டு வயதுக்குட்பட்டு இருந்த எவர் மீதும் வழக்குத் தொடுப்பதில்லை என்று தலைமை வழக்கறிஞர் முடிவு செய்தார். சிறுவர்களின் கையில் ஆயுதத்தைத் திணித்தவர்களே கூண்டில் நிறுத்தப்பட்டனர். அப்போருக்குத் துணை நின்ற லைபீரிய முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-இல் ஐம்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மீது மெய்ப்பிக்கப்பட்ட குற்றங்களுள் சிறுவர்களைப் படையில் சேர்க்கத் துணைபுரிந்ததும் ஒன்று.

இதனினும் கடினமான வழக்கு ஒன்று உண்டு. உகாண்டாவைச் சேர்ந்த டொமினிக் ஒங்வென் சுமார் ஒன்பது வயதில், பள்ளிக்குச் செல்லும் வழியில் கடத்தப்பட்டவர். கடத்திய படையிலேயே வளர்ந்து, அதன் தளபதிகளுள் ஒருவராகி, பிற குழந்தைகளைத் தம் படையில் சேர்த்தவரும் அவரே. 2021-இல் அவருக்கு இருபத்தைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவருடைய சிதைந்த இளமையைக் கருதியே நீதிபதிகள் ஆயுள் தண்டனை விதிக்காமல் விட்டனர். பெரியவராகிச் செய்தவற்றுக்கு அவர் பொறுப்பு. ஒன்பது வயதில் அவருக்கு நேர்ந்ததற்கு உலகம் பொறுப்பு. இவ்விரண்டும் ஒருசேர உண்மை என்றே நான் கருதுகிறேன்.

போரிலிருந்து மீண்ட குழந்தைக்கு உடலும் உள்ளமும் தேறி மீண்டும் சமுதாயத்தில் கலக்க உதவ வேண்டும் என்று உரிமை உடன்படிக்கையின் முப்பத்தொன்பதாம் பிரிவு கூறுகிறது. அதற்குத் தலைசிறந்த இடம் பள்ளிக்கூடமே. வருகைப் பதிவேட்டில் பெயர் அழைக்கப்படும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லும் குழந்தை, தன்னைத் தேட ஒருவர் இருக்கிறார் என்பதை நாள்தோறும் அறிந்துகொள்கிறது. இதனால்தான் பள்ளிகளைப் போர்ப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைக்கும் பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம் 2015-இல் ஆஸ்லோ நகரில் வெளியிடப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுள்ளன. நம் உச்ச நீதிமன்றமும் 2011-இல், சத்தீசுகர் மாநிலப் பள்ளிகளில் தங்கியிருந்த பாதுகாப்புப் படையினர் அவற்றைக் காலி செய்ய வேண்டும் என வலியுறுத்தியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், போரில் குழந்தையைக் காக்கும் வேலை போர் மூண்ட பின்பு தொடங்குவதன்று என்பது விளங்கும். அமைதி நிலவும் காலத்தில், மகப்பேறு நடந்த வீட்டில், கிராம அலுவலகத்துப் பதிவேட்டில், தொடக்கப்பள்ளியின் வருகைப் புத்தகத்தில் அது தொடங்குகிறது. பெயரும் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் எழுதப்பட்ட ஒரு வரி, பின்னாளில் ஒரு சிறுவனைப் போர்முனையிலிருந்து மீட்கும். அவனைத் தேடிவரும் தாய்க்கு வழிகாட்டும். அவனைக் களத்துக்கு அனுப்பியவனைக் கூண்டில் ஏற்றும்.

உலகப் போர்களை நிறுத்தும் ஆற்றல் நம் கல்லூரி மாணவர்களுக்கு இல்லை. ஆனால், ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் சிற்றூர்களில் சில நாள்கள் தங்குகிறோம். சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அடுத்த முகாமில் இன்னொரு பணியையும் சேர்த்துக்கொண்டால் என்ன? செங்கற்சூளையிலும் கல்குவாரியிலும் கரும்பு வெட்டும் இடத்திலும், ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களின் குழந்தைகளுள் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, அலுவலகம் வரை உடன் செல்லலாம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நமக்கு, ஒரு தாளுக்காக நம் பெற்றோர் எத்தனை வாசல்களில் நின்றார்கள் என்பது தெரியும். அந்த அறிவை நாம் பயன்படுத்தாமல் வேறு யார் பயன்படுத்துவார்கள்?

பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் இக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்த்து, வரும் கல்வியாண்டில் செயற்படுத்த முன்வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.